நானே கட்டிய ஹெட்ஃபோன் ஆம்ப்: ஆறு வருட அனுபவம்

முதன்முதலில் இதை ஆன் செய்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. ஹெட்ஃபோனில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல், அதற்குப் பின்னால் எங்கோ தூரத்தில் பாட்டு. வால்யூமைத் திருகினால் கரகரப்பு. பார்த்துப் பார்த்து வாங்கிய பாகங்கள் உள்ளே இருந்தும் இப்படியா என்று மனது உடைந்துபோனது. இன்று அதே பெட்டிதான் என் மேசையில் தினமும் நான்கு மணி நேரம் ஓடுகிறது. பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை முழுக்க ஏற்றினாலும் காதில் எதுவும் விழுவதில்லை. எதை மாற்றியதால் இது நடந்தது, எதற்குச் செலவழித்தது வீண் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

சர்க்யூட் எளிமையானது. சிக்னலைப் பெரிதாக்க ஓர் ஆப்-ஆம்ப், அதன் பின்னால் கரன்ட் கொடுக்க பஃப்634 என்ற பஃபர் ஐசி, இரண்டையும் சுற்றி ஒரே ஃபீட்பேக், அதாவது வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பிவிடும் இணைப்பு. 15-0-15 டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், வோல்டேஜை நிலையாக வைக்கும் எல்எம்317, எல்எம்337 ரெகுலேட்டர்கள் வழியாக பிளஸ், மைனஸ் 12 வோல்ட். 1990களின் கடைசியில் சூ மோய் வெளியிட்ட சிறிய ஆம்ப்பைக் கட்டிப் பார்த்தவர்களுக்கு இது அதன் அண்ணன் போலத் தெரியும். அதில் ஆப்-ஆம்ப்பே நேரடியாக ஹெட்ஃபோனை ஓட்டும், இதில் அந்தச் சுமையை பஃபர் எடுத்துக்கொள்கிறது.

பஃபர் எதற்கு என்றால், என்னிடம் 32 ஓம் ஹெட்ஃபோன் ஒன்றும் 300 ஓம் ஹெட்ஃபோன் ஒன்றும் இருக்கின்றன. 20 மில்லிவாட் என்பது சின்ன அளவாகத் தெரியலாம், ஆனால் காதுக்கு அது மிக அதிகம். அந்த 20 மில்லிவாட்டை 32 ஓமுக்குக் கொடுக்க 0.8 வோல்ட் போதும், கரன்ட் 25 மில்லிஆம்பியர் வேண்டும். 300 ஓமுக்கோ கிட்டத்தட்ட 2.45 வோல்ட் வேண்டும், கரன்ட் 8 மில்லிஆம்பியர் போதும். ஒன்று கரன்ட் கேட்கிறது, மற்றது வோல்டேஜ் கேட்கிறது. இரண்டையும் சிரமமில்லாமல் கொடுக்கும் ஆம்ப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் என் தேவை.

முதல் தவறு பவர் சப்ளையில் நடந்தது. இடம் மிச்சமாகும் என்று இரண்டு ரெகுலேட்டர்களையும் ஒரே ஹீட்சிங்கில் திருகிவிட்டேன். எல்எம்317இன் உலோகப் பட்டை அதன் அவுட்புட்டோடு இணைந்தது. எல்எம்337இன் பட்டை இன்புட்டோடு இணைந்தது. நடுவில் மைக்கா தாளோ ரப்பர் தாளோ இல்லாமல் இரண்டையும் ஒரே அலுமினியத்தில் பொருத்தினால், பிளஸ் 12 வோல்ட்டும் ரெகுலேட் ஆகாத மைனஸ் வோல்டேஜும் நேருக்கு நேர் ஷார்ட். ஃப்யூஸ் போனதால் தப்பித்தேன். இரண்டின் கால்கள் வரிசையும் வேறு: நடுக்கால் 317இல் அவுட்புட், 337இல் இன்புட். யாராவது கட்டப்போகிறீர்கள் என்றால் ஐசிகளைச் சாக்கெட்டில் செருகாமல், முதலில் பவர் சப்ளையை மட்டும் ஓட்டி வோல்டேஜ் அளந்துவிடுங்கள். மின் இணைப்புப் பக்கம் ஃப்யூஸ், உலோகப் பெட்டிக்கு எர்த் இரண்டும் இல்லாமல் ஒரு முறைகூட ஆன் செய்யாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அடுத்து அந்த உறுமல். உறுமலில் இரண்டு ஜாதி இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது. வழுவழுப்பாக, அடித்தொண்டையில் ‘ம்ம்’ என்று வருவது மின்சாரத்தின் அதே அதிர்வெண். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் ஒயர்களுக்குள் புகுவதால் வருகிறது. பிசிறோடு ‘ஜ்ர்ர்’ என்று வருவது அதன் இரு மடங்கும் அதற்கு மேலும். டையோடுகளிலிருந்து ஃபில்டர் கெப்பாசிட்டருக்குப் பாயும் கரன்ட் துடிப்புகள், சிக்னலின் கிரவுண்டு வழியாகவே திரும்புவதால் வருகிறது. எனக்கு இரண்டும் இருந்தன. இரண்டாவதைச் சரிசெய்ய, ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் சேரும் புள்ளியிலிருந்து தனி ஒயர் எடுத்து ஒரே நட்சத்திரப் புள்ளிக்குக் கொண்டுவந்து, இன்புட், ஹெட்ஃபோன் ஜாக், வால்யூம் எல்லாவற்றின் கிரவுண்டையும் அங்கேயே சேர்த்தேன். பிசிறு அன்றே போய்விட்டது. முதலாவதற்கு டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டியின் பின்மூலைக்குத் தள்ளினேன். பிறகு அதன் திருகைத் தளர்த்தி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பெட்டிக்குள் விரல் நுழைக்காமல் ஒரு மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிப் பார்த்தேன். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் உறுமல் பாதிக்கும் கீழே இறங்கியது. செலவே இல்லாத வேலை இது. டொராய்டை நடுவில் ஒரே போல்ட்டில் மாட்டும்போது போல்ட்டின் மேல்முனை பெட்டி மூடியைத் தொடக்கூடாது. தொட்டால் அதுவே ஷார்ட் ஆன ஒரு சுற்றாகி டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும்.

மிச்சமிருந்த உறுமலின் காரணம்தான் என்னை அதிகம் வருத்தியது. இன்புட்டில் பெருமையோடு போட்டிருந்த பெரிய பாலிபுரொப்பிலீன் கெப்பாசிட்டர். கட்டைவிரல் பருமன், ஆம்ப்பிலேயே விலை உயர்ந்த பாகம். அவ்வளவு பெரிய உலோகச் சுருள், இம்பீடன்ஸ் (ஏசி கரன்டுக்கு உள்ள தடை) அதிகமான ஓர் இடத்தில், கவசம் ஏதுமில்லாமல் நிற்கும்போது ஆன்டெனா மாதிரி சுற்றியுள்ள இரைச்சலையெல்லாம் இழுக்கிறது. விரலைக் கிட்டே கொண்டுபோனாலே உறுமல் கூடியது. அதைக் கழற்றிவிட்டு, நகத்தளவு இருக்கும் சாதாரண 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் பெட்டிக் கெப்பாசிட்டரைப் போட்டேன். உறுமல் நின்றது. 50 கிலோஓம் வால்யூமோடு சேர்ந்தால் இது 3 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே தொடங்கி அதற்குக் கீழே உள்ளதைத்தான் வெட்டும், எந்த இசைக்கும் அது தாராளம். தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு: சிக்னல் பாதையில் எக்ஸ்7ஆர் வகை செராமிக். வோல்டேஜ் மாறும்போது அதன் கொள்ளளவும் மாறும், அதனால் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) வரும். சின்ன மதிப்புகளுக்கு சி0ஜி வகை செராமிக் அருமையானது.

சரி, கரகரப்புக்கு வருகிறேன். முதலில் நான் போட்டிருந்தது என்இ5532. நல்ல ஐசி, இன்றும் அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதன் இன்புட்டுக்கு 200 நானோஆம்பியர் அளவில் பயஸ் கரன்ட், அதாவது வேலை செய்யவே அது இழுக்கும் சிறு டிசி கரன்ட், வேண்டும். இன்புட் கெப்பாசிட்டர் டிசியைத் தடுத்துவிடுவதால் அந்தக் கரன்ட் முழுவதும் வால்யூம் கன்ட்ரோல் வழியாகத்தான் போக வேண்டும். 50 கிலோஓம் பெருக்கல் 200 நானோஆம்பியர் என்றால் 10 மில்லிவோல்ட். அப்போது நான் வைத்திருந்த கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் மடங்கு, 11. ஆக, வால்யூமை முழுக்க வைத்தால் ஹெட்ஃபோன் ஜாக்கில் 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் டிசி நின்றது. வால்யூமைத் திருகத் திருக அந்த டிசியும் நகர்வதால்தான் கரகரப்பு. மல்டிமீட்டரை ஜாக்கில் வைத்துக்கொண்டு திருகியபோது எண்கள் ஏறுவதைப் பார்த்தேன், அப்போதுதான் விளங்கியது. ஓபிஏ2134 மாதிரி ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) இன்புட் உள்ள ஆப்-ஆம்ப்பில் பயஸ் கரன்ட் சில பிக்கோஆம்பியர்தான். அதை மாற்றியதும் கரகரப்பு மறைந்துவிட்டது. இப்போது இரண்டு சேனலிலும் 2 மில்லிவோல்ட்டுக்குக் கீழேதான் டிசி இருக்கிறது. புதிதாகக் கட்டிய எந்த ஆம்ப்பிலும் இதை அளக்காமல் நல்ல ஹெட்ஃபோனைச் செருகாதீர்கள்.

கெயின் 11 என்பதும் தேவையில்லாத ஒன்று. என் டாக் (டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக்கும் கருவி) 2 வோல்ட் கொடுக்கிறது. அதைப் பதினொரு மடங்கு ஆக்கினால் 22 வோல்ட், 12 வோல்ட் சப்ளையில் அது நடக்காத காரியம். வால்யூமின் முதல் கால் சுற்றிலேயே போதும் போதும் என்றாகிவிடும். இரட்டை வால்யூம் கன்ட்ரோல்களில் இடது வலது சமமில்லாமல் இருப்பதும் அந்த அடிப்பகுதியில்தான், அதனால் பாடகரின் குரல் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே கேட்டது. ஃபீட்பேக் ரெசிஸ்டர்களை மாற்றி கெயினை 2 ஆக்கினேன். குரல் நடுவுக்கு வந்தது. ஆப்-ஆம்ப்பின் உஸ் இரைச்சலும் கிட்டத்தட்ட 15 டெசிபல் குறைந்தது. இரண்டு ரெசிஸ்டர் மாற்றி இவ்வளவு பலன் கிடைத்த இன்னொரு வேலையை நான் செய்ததில்லை.

வெளியீட்டிலும் இதே கதை. பாதுகாப்புக்கு என்று முதலில் 47 ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தேன். 300 ஓம் ஹெட்ஃபோனில் இதனால் பெரிய மாற்றமில்லை. அதன் இம்பீடன்ஸ் அடி ஸ்தாயியில் 500 ஓம் வரை ஏறினாலும் அரை டெசிபல்தான் வித்தியாசம் வரும். ஆனால் 10 ஓமுக்கும் 40 ஓமுக்கும் நடுவில் ஏறி இறங்கும் ஓர் இயர்ஃபோனைச் செருகினால் 8 டெசிபல் வரை ஒலியின் சமநிலையே மாறிவிடும். இப்போது 1 ஓம் மட்டும் வைத்திருக்கிறேன்.

ரெசிஸ்டரைக் குறைத்ததும் புதிதாக ஒன்று கிளம்பியது. பஃபர் ஐசிகள் காரணமில்லாமல் சூடேறின. நீளமான கேபிள் மாட்டினால் உரத்த இடங்களில் ஒலி மேலே நுரைத்தது மாதிரி இருந்தது. நண்பர் ஒருவரிடமிருந்து ஆசிலோஸ்கோப் வாங்கிப் பார்த்தால், காதுக்கே எட்டாத மெகாஹெர்ட்ஸ் அளவில் ஆம்ப் தானாகவே ஊசலாடிக்கொண்டிருந்தது. பஃப்634 சாதாரண நிலையில் 30 மெகாஹெர்ட்ஸ்தான் போகும். ஃபீட்பேக்குக்குள் அது சேர்க்கும் தாமதம் என் ஆப்-ஆம்ப்புக்கு ஒத்துவரவில்லை. அதன் பேண்ட்விட்த் காலை மைனஸ் சப்ளையோடு இணைத்தால் 180 மெகாஹெர்ட்ஸ் வரை விரியும், அதற்கு விலையாக ஓய்வுக் கரன்ட் (சிக்னல் இல்லாதபோதும் இழுக்கும் கரன்ட்) 1.5 மில்லிஆம்பியரிலிருந்து 15க்கு ஏறும். அதைச் செய்து, ஒவ்வொரு ஐசியின் சப்ளைக் காலுக்கும் ஒட்டினாற்போல 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்த பிறகு ஊசலாட்டம் நின்றது. முன்பு அந்தக் கெப்பாசிட்டர்கள் மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருந்தன. அந்த வேகத்தில் மூன்று சென்டிமீட்டர் நெடுந்தூரம்.

அப்புறம் ஆப்-ஆம்ப் மாற்றிக் கேட்கும் ஆசை. எல்லோருக்கும் வருவதுதான், எனக்கும் வந்தது. மூன்று நான்கு வகை வாங்கினேன், ஒவ்வொன்றிலும் ஏதோ புதிதாகக் கேட்பதாக நம்பினேன். பிறகு கையில் மிச்சமிருந்த இன்னொரு பலகையில் அதே ஆம்ப்பை மறுபடி கட்டி, ஒன்றில் ஓபிஏ2134, மற்றதில் ஓபிஏ1612 போட்டு, மல்டிமீட்டரால் இரண்டின் அளவையும் 0.1 டெசிபலுக்குள் சமமாக்கினேன். எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் நண்பர் ஸ்விட்ச் போட்டார். பதினாறு முறையில் ஒன்பதுதான் சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். 2011இல் வெளிவந்த ஓ2 என்ற ஹெட்ஃபோன் ஆம்ப்பின் வெளியீட்டில் என்ஜேஎம்4556 என்ற எளிய ஐசிதான் இருக்கிறது, அளவீடுகளில் அது சுத்தமாக இருப்பது ஏன் என்று அன்றைக்கு விளங்கியது. இதில் இன்னொரு பாடமும் கிடைத்தது. நான் வாங்கிய ஒரு ஜோடி போலி. மேலே அச்சிட்ட பெயருக்கும் உள்ளே இருந்ததற்கும் சம்பந்தமில்லை, ஃபெட் இன்புட் என்று சொன்னதில் பயஸ் கரன்ட் 5532 அளவுக்கு இருந்தது. நல்ல ஐசி வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

தரத்துக்குச் செலவழித்ததில் முழுத் திருப்தி தந்தவை கையால் தொடும் பாகங்கள். ஆல்ப்ஸ் ஆர்கே27 வால்யூம் கன்ட்ரோல் ஆறு வருடமாகத் தினமும் சுழல்கிறது. அதே வழுக்கல், அதே சமநிலை. ஜாக் விஷயத்தில் முதலில் கஞ்சத்தனம் பண்ணினேன், பலகையிலேயே பற்றவைத்த மலிவான ஜாக். ஒன்றரை வருடத்தில் செருகிச் செருகி அதன் ஈயப்பற்று விரிந்து வலது காது விட்டுவிட்டு வந்தது. இப்போது முகப்புத் தகட்டில் நட்டுப் போட்டு இறுக்கிய 6.35 மில்லிமீட்டர் ஜாக், அதிலிருந்து பலகைக்கு ஒயர். இழுவை தகட்டோடு நின்றுவிடுகிறது. ரெசிஸ்டர்கள் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம், அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களைப் பற்றி ஒரு கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டிருக்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் தோராயமாக இரட்டிக்கும். 85 டிகிரியில் இருந்தால் 8000 மணி நேரம், என் உபயோகத்தில் ஐந்தரை வருடம். 55 டிகிரியில் இருந்தால் 64000 மணி நேரம், அதாவது என் ஆயுளுக்குப் போதும். ஹீட்சிங்குக்கு ஒட்டி நின்ற இரண்டை இரண்டாம் வருடமே தள்ளி மாற்றினேன். போன மாதம் எல்லாவற்றையும் அளந்தேன், எதுவும் இறங்கவில்லை. வருடத்துக்கொரு முறை ஆப்-ஆம்ப்பைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துத் திரும்பச் செருகுவதும் உண்டு, கால்களில் படியும் களிம்பு போகும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் ‘டப்’ என்று ஒரு சத்தம் வருகிறது, பிளஸ், மைனஸ் சப்ளைகள் ஒரே வேகத்தில் ஏறி இறங்காததால். மூன்று விநாடி தாமதித்து ஹெட்ஃபோனை இணைக்கும் ரிலே பலகை ஒன்று பாதி பற்றவைத்தபடி மேசையில் கிடக்கிறது. அது முடியும்வரை ஆம்ப்பை ஆன் செய்த பிறகுதான் பிளக்கைச் செருகுகிறேன், ஆஃப் செய்யும் முன் உருவிவிடுகிறேன்.