வெயிலில் டிரெய்லர் இழுத்த பிறகு டிரான்ஸ்மிஷன் ஆயிலை விட்டுவிடுவதா, வடித்து ஊற்றுவதா, மெஷினில் கொடுப்பதா?

ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் போகும் ஐ-17 நெடுஞ்சாலை, பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டியதும் மலையேறத் தொடங்கும். அங்கிருந்து சன்செட் பாயின்ட் வரை சுமார் 13 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். ஜூலை மாதப் பிற்பகல், வெளியே 43 டிகிரி. எங்கள் எஸ்யூவியின் பின்னால் 1,600 கிலோ எடையுள்ள பயண டிரெய்லர். பாதி ஏற்றத்தில் என் மனைவி ஏதோ தீய்கிற வாசனை வருகிறது என்றாள். அடுத்த வளைவில் டிரான்ஸ்மிஷன் (கியர் பாக்ஸ்) ஆயில் சூடேறிவிட்டதாக எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒதுங்க இடமில்லாமல் இன்னும் நான்கைந்து நிமிடம் ஏறி, சன்செட் பாயின்ட்டில் நிறுத்தினோம். கியரை நியூட்ரலில் போட்டு எஞ்சினை ஓடவிட்டேன். சில நிமிடங்களில் விளக்கு அணைந்தது. பிறகு மெதுவாகவே ஓட்டினோம். ஃபிளாக்ஸ்டாஃப் போய்த் திரும்பும்வரை விளக்கு மறுபடி எரியவில்லை, கியர் மாறுவதிலும் குறையில்லை.

ஆனால் வீடு திரும்பிய பிறகு தூக்கம் போய்விட்டது. புதிய டிரான்ஸ்மிஷன் என்றால் பல ஆயிரம் டாலர். உள்ளே என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது. கேட்ட இடத்திலெல்லாம் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். அந்த யோசனைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த தெளிவை எழுதுகிறேன். இதே கவலையோடு இருக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும்.

எதையும் ஒப்பிடும் முன் சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் டார்க் கன்வெர்ட்டர் ஆயில் வழியாகவே இணைக்கிறது. சமதளத்தில் வேகமாகப் போகும்போது அதனுள் இருக்கும் கிளட்ச் பூட்டிக்கொள்வதால் வழுக்கல் இல்லை, சூடும் குறைவு. ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது பூட்டு விடுபடும். அப்போது எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு ஆயிலைக் கலக்குவதிலேயே வெப்பமாகிப் போகிறது. கியர் மேலும் கீழும் மாறி மாறித் தடுமாறினால் இன்னும் மோசம். அந்த வெப்பத்தை முதலில் தாங்குவது ஆயில்தான். ஆயில் கெட்ட பிறகுதான் ரப்பர் சீல்கள் இறுகுவதும் கிளட்ச் தட்டுகள் தேய்வதும்.

பட்டறைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. 80 டிகிரியில் ஓடும் ஆயில் 1,60,000 கிலோமீட்டர் தாங்கும் என்றால், அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும். அதன்படி 135 டிகிரியில் மிஞ்சுவது 5,000 கிலோமீட்டர். பழைய கனிம எண்ணெய்களுக்குச் சொன்ன கணக்கு இது. இன்றைய சிந்தெடிக் ஆயில்கள் இதைவிட நன்றாகத் தாங்கும். இந்தக் கடுமையான கணக்கையே வைத்துப் பார்த்தாலும், ஏழெட்டு கிலோமீட்டர் 135 டிகிரியில் ஓடியதால் ஆயில் செத்துவிடாது. எனக்கு முதல் ஆறுதல் தந்தது இதுதான். ஆனால் முழு ஆறுதல் இல்லை. எச்சரிக்கை விளக்கு எத்தனை டிகிரியில் எரியும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பல வண்டிகளில் 130ஐத் தாண்டிய பிறகுதான் எரியும். தாண்டிவிட்டது என்பதைத்தான் அது சொல்லும். எவ்வளவு தாண்டியது என்பதைச் சொல்லாது.

இப்போது முதல் யோசனைக்கு வருகிறேன்: ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது. இதைச் சொன்னவர்கள் சோம்பேறிகள் அல்லர். கியர் சரியாக மாறுகிறது, டி (முன்) அல்லது ஆர் (பின்) கியரில் போட்டவுடன் வண்டி நகர்கிறது, வேகம் கூடாமல் எஞ்சின் மட்டும் உறுமுவதில்லை, சீரான வேகத்தில் போகும்போது வண்டி குலுங்குவதில்லை என்றால், உள்ளே பெரிய சேதம் இல்லை என்று நம்ப நியாயம் உண்டு. ஆயில் மாற்றி ஓராண்டுகூட ஆகாத வண்டி என்றால் நானும் விட்டிருப்பேன். என் வண்டி 1,10,000 கிலோமீட்டர் ஓடியது. டிரான்ஸ்மிஷன் ஆயில் ஒருமுறைகூட மாற்றியதில்லை. ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லாத ஆயில் என்று விற்கும்போது சொன்னதை நம்பியிருந்தேன். பல நிறுவனங்களின் கார்களுக்கு எட்டு கியர் கொண்ட டிரான்ஸ்மிஷன்களைச் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது என்பதைப் பிற்பாடு படித்தேன். ஆகவே எனக்கு இந்த வழி அடைபட்டது.

அடுத்தது இரண்டு யோசனைகளுக்கு இடையிலான உண்மையான போட்டி. அடியில் உள்ள பான் (ஆயில் தேங்கும் தட்டு) வழியாக ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுவது ஒன்று. மெஷினை வைத்து முழு ஆயிலையும் மாற்றுவது இன்னொன்று.

நான் விலை விசாரித்த வொர்க்‌ஷாப்பில் மெஷினைத்தான் வற்புறுத்தினார்கள். அவர்கள் தரப்பு வாதத்தில் பொருள் இருக்கிறது. பான் வழியாக வடித்தால் மொத்த ஆயிலும் வராது. பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். மொத்தம் பத்து லிட்டர் இருந்து நான்கு லிட்டர் வடிந்தால், ஒருமுறை மாற்றிய பிறகும் உள்ளே 60 சதவீதம் பழைய ஆயில்தான். மெஷினோ ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் குழாயில் இணைந்து, பழையது வெளியேற வெளியேறப் புதியதை உள்ளே விட்டு, ஒரே அமர்வில் ஏறத்தாழ முழுவதையும் மாற்றிவிடும்.

மெஷினுக்கு எதிராகச் சொல்லப்படும் பயம் ஒன்று உண்டு: பழைய வண்டிக்கு முழு ஆயிலையும் மாற்றினால் மறுவாரமே கியர் வழுக்கத் தொடங்கும் என்பது. பெரும்பாலும் அது ஏற்கெனவே தேய்ந்துபோன டிரான்ஸ்மிஷன்களின் கதை. வழுக்கத் தொடங்கிய பிறகு கடைசி நம்பிக்கையாக ஆயில் மாற்றுகிறார்கள். பழி புதிய ஆயில் மேல் விழுகிறது. ஆனால் மெஷின்களிலும் வேறுபாடு உண்டு. டிரான்ஸ்மிஷனின் சொந்த பம்ப் தள்ளும் வேகத்திலேயே மாற்றும் வகையை ஏற்கலாம். கழுவும் திரவத்தை அழுத்தத்தோடு செலுத்தும் வகையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். படிந்து கிடக்கும் அழுக்கு கிளம்பி, தலைமுடி பருமனே உள்ள வால்வு இடுக்குகளில் போய் அடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு?

நான் வடித்து ஊற்றும் வழியைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணம் வேறு. பான் தட்டைக் கழற்றினால் உள்ளே பார்க்கலாம். மெஷினில் கொடுத்தால் ரசீதைத்தான் பார்க்கலாம்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், வண்டி ஆறியிருந்தபோது செய்தேன். முதலில் ஆயில் நிரப்பும் போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது அசையாவிட்டால் வடிக்கும் போல்ட்டைத் தொடவே கூடாது. பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற வழியில்லாமல் நிற்க நேரும். வடிந்த ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளைச் சமையலறைத் தாளில் விட்டேன். கறுப்பாகத்தான் விழுந்தது. பத்து நிமிடத்தில் பரவி, நடுவில் பழுப்பும் ஓரத்தில் மங்கிய சிவப்பு வளையமுமாக நின்றது. மூக்கருகே கொண்டுபோனால் பழைய எண்ணெயின் வாசனை. அடிப்பிடித்த பாலைப் போன்ற கருகல் நெடி இல்லை. பானின் அடியில் இருந்த காந்தங்களில் கறுப்பு எள்ளை மைய அரைத்தது போன்ற சாம்பல் நிறக் குழைவு படிந்திருந்தது. விரலால் தேய்த்தேன், நெருடவில்லை. இந்த அளவு தேய்மானம் இத்தனை ஓட்டத்துக்கு இயல்பு. செதில்களோ மினுங்கும் துண்டுகளோ கிடந்திருந்தால் ஆயில் கேனைத் திறக்காமலே டிரான்ஸ்மிஷன் நிபுணரிடம் போயிருப்பேன். அந்தக் காந்தத்தைத் துடைத்தபோதுதான் எனக்கு மூச்சு சீரானது.

3.8 லிட்டர் வடிந்தது. அளந்து அதே அளவு ஊற்றினேன். வடிகட்டியையும் மாற்றினேன், பான் கழற்றாமல் மெஷின் போடுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டாம் முறை, பிறகு மூன்றாம் முறை. மூன்று முறைக்குப் பின் பழைய ஆயில் கால் பங்குக்கும் குறைவு. கடைசியில் ஆயில் அளவை மட்டும் ஒரு மெக்கானிக்கிடம் சரிபார்க்கச் சொன்னேன். இந்த வண்டியில் ஆயில் அளவு பார்க்கும் கம்பி (டிப்ஸ்டிக்) இல்லை. ஆயில் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கும்போது பார்த்தால்தான் அளவு சரியாகத் தெரியும். ஊற்றும் ஆயில் வண்டியின் கையேட்டில் சொன்ன வகையாகவே இருக்கட்டும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பதும் ஒரு வழி. இரும்பு, செம்பு, அலுமினியம் எவ்வளவு கலந்திருக்கிறது, ஆயிலின் பாகுத்தன்மை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எழுதி அனுப்புவார்கள். ஒப்பிடுவதற்கு முந்தைய அறிக்கை இருந்தால் பொன்னானது. முதல் அறிக்கையிலிருந்து அதிகம் தேறாது. ஆயிலில் கலக்கச் சொல்லி பாட்டிலில் விற்கும் மருந்துகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இனி வரும் கோடைக்கு என்ன செய்வது? பலரும் சொன்னது கூடுதல் கூலர். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரால் ஆயிலை எஞ்சின் தண்ணீரின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுவர முடியாது. முன்னால் தனியாகக் காற்றில் நிற்கும் கூலரால் முடியும். நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு முன் வாங்க வேண்டியது வண்டியின் கணினியைப் படித்து வெப்பத்தைக் காட்டும் சிறு ஓபிடி கருவி என்பது என் முடிவு. ஸ்டீயரிங்கின் கீழே செருகினால் பல வண்டிகளில் டிரான்ஸ்மிஷன் ஆயிலின் டிகிரியைக் கைப்பேசியில் காட்டிவிடும். எத்தனை டிகிரி ஏறுகிறது என்று தெரியாமல் கூலர் பொருத்தினால் அது போதுமா என்பதும் தெரியாது.

வண்டி எவ்வளவு எடை இழுக்கும் என்று சொல்லும் இழுவைத் திறன் எண்ணையும் அப்படியே நம்பியிருந்தேன். அந்த எண்ணை அளக்கும் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே2807 தரத்துக்குச் சோதனைக் களமே எங்கள் அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றம்தான். குறைந்தது 38 டிகிரி வெயில், ஏசி முழு வேகம், 11.4 மைல் ஏற்றம்: கடுமையான சோதனை. ஆனால் அதில் வண்டிக்குள் 68 கிலோ வீதம் இரண்டு பேருக்கே கணக்கு. நாங்கள் நான்கு பேர், ஐஸ் பெட்டி, இரண்டு சைக்கிள், 43 டிகிரி.

அக்டோபரில் அதே ஏற்றத்தைக் கருவியோடு ஏறினேன். வெளியே 29 டிகிரி, பாரம் இழுக்கும்போது போடும் இழுவைப் பொத்தான் அழுத்தியிருந்தது, கியர் மூன்றாவதில், வேகம் 70 கிலோமீட்டருக்குள். ஆயில் 101 டிகிரியில் போய் நின்றது. ஜூலையில் விடிவதற்கு முன்பே புறப்பட்டு இதே முறையில் ஏறப்போகிறேன். அப்போது 115ஐத் தொட்டால் மறுநாளே கூலர் வாங்கிவிடுவேன்.