கன்ஸ் அண்ட் ரோசஸும் மெட்டாலிக்காவும்: ஒன்று ஏன் தேய்ந்தது, மற்றது ஏன் நிலைத்தது?

1991-இல் இந்த இரண்டு அமெரிக்க ராக் இசைக்குழுக்களுமே உச்சத்தில் இருந்தன. ஆகஸ்டில் மெட்டாலிக்காவின் கறுப்பு அட்டை ஆல்பம், செப்டம்பரில் கன்ஸ் அண்ட் ரோசஸின் இரண்டு ஆல்பங்கள் ஒரே நாளில். மறு ஆண்டு சேர்ந்தே சுற்றுப்பயணம் போனார்கள்.

நிர்வாணா என்ற இன்னொரு ராக் குழு வந்து ரசனையை மாற்றியதால்தான் கன்ஸ் சரிந்தது என்பார்கள். சரி, அந்த அலை மெட்டாலிக்கா மீதும்தானே அடித்தது? எனக்குத் தெரிந்து, கன்ஸ் உள்ளிருந்துதான் உடைந்தது. 1991-லேயே கிதார் கலைஞர் இஸ்ஸி ஸ்ட்ராட்லின் விலகினார். 1996-இல் இன்னொரு கிதார் கலைஞர் ஸ்லாஷ், 1997-இல் பேஸ் கிதார் வாசித்த டஃப். குழுவின் பெயர் பாடகர் ஆக்ஸல் ரோஸிடம் தங்கியது; ஆனால் அவரோடு சமமாக நின்று வாதாட ஆள் இல்லை. சொந்தப் பாடல்களோடு அடுத்த ஆல்பம் வர 2008 ஆகிவிட்டது.

மெட்டாலிக்காவும் 2001-இல் ஏறக்குறைய முடிந்த கதைதான். பேஸ் கிதார் கலைஞர் நியூஸ்டெட் விலகினார், பாடகர் ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெறப் போனார். ஆனால் ஓர் ஆலோசகரை உட்கார வைத்து, மாதக்கணக்கில் மனம்விட்டுச் சண்டை போட்டுப் பேசினார்கள். 2003-இல் வந்த ஆல்பத்தின் டிரம்ஸ் ஒலியை ரசிகர்கள் பலர் இன்றும் திட்டுகிறார்கள். எனக்கும் பிடிக்காது. ஆனாலும் அந்த ஆல்பம் வெளிவந்ததே பெரிய விஷயம்.

2016-இல் ஸ்லாஷும் டஃபும் கன்ஸுக்குத் திரும்பினார்கள், அரங்குகள் நிறைந்தன. அவர்கள் சேர்ந்து எழுதாமல் போன இருபது வருடப் பாடல்கள்தான் எனக்கு ஆறாத வருத்தம்.