'230 வோல்ட்' ஸ்டிக்கர் ஒட்டிய ஜப்பான் ஆம்ப்: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

சிங்கப்பூரில் செகண்ட் ஹேண்டில் விலையுயர்ந்த ஆம்ப் (பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபையர்) தேடுபவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். பெயர் பெற்ற ஜப்பான் இன்டக்ரேட்டட் ஆம்ப் ஒன்றை 3,200 வெள்ளி கொடுத்து வாங்கினேன். கொஞ்ச நாளிலேயே வலது சேனல் செத்துப்போனது. இன்றைக்கு அதை உதிரி பாக விலைக்குத்தான் கேட்கிறார்கள்.

விற்றவர் நம்மவர், தமிழர். ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. "சொந்த செட், முழு சர்வீஸ் முடிந்தது, 230 வோல்ட்" என்று விளம்பரம் போட்டிருந்தார். நான் போனபோது ஆம்ப் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தது. மூடியைத் தொட்டால் நல்ல சூடு. சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். "பக்கத்து வீட்டு ஆன்ட்டி கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க தம்பி" என்றார். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், இங்கே 230. அதனால் "ஜப்பான் செட்டாச்சே, 100 வோல்ட்டா அண்ணே?" என்று நேராகவே கேட்டேன். "பின்னாடி எழுதியிருக்கு பாருங்க" என்று போனில் டார்ச் அடித்துக் காட்டினார். 230 என்றுதான் இருந்தது. சர்வீஸ் பில் கேட்டதற்கு, தெரிந்த பையன் செய்தது, பில்லெல்லாம் போடமாட்டான் என்றார்.

ஜாலான் புசார் பக்கம் ஆம்ப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் அந்த லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். ஸ்டிக்கர் முழுசாக உரிந்து வந்தது. அடியில் கம்பெனி அச்சடித்த எழுத்து: 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ். மூடியைத் திறந்தால், மூலையில் 230 வோல்ட்டை 100 ஆகக் குறைக்கும், கைக்கு அடக்கமான ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரைச் சூட்டுப்பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். அதற்கு ஃபியூஸ் கிடையாது. அந்த ஆம்ப் இழுக்கும் வாட்டில் பாதியைக்கூட அது தாங்காது என்றார். மெல்லப் பாடும்வரை சமாளிக்கும். சத்தம் கூட்டினால் வோல்டேஜ் இறங்கும், காயில் கொதிக்கும். விற்றவர் பேச்சில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஏன் வந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

அந்தச் சூடு அருகிலிருந்த, கரண்டைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களையும் கெடுத்துவிட்டது. இந்த எலக்ட்ரோலிடிக் வகைக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். நம் ஊர் வெக்கையில் நல்ல ஆம்ப்புக்கே இது பிரச்சினைதான். அப்புறம் எரிந்துபோன, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டரை எடுத்து, பிளையரால் உடைத்துக் காட்டினார். மேலே டோஷிபா என்று அச்சு. உள்ளே இருந்த சிலிக்கான் துண்டு எள்ளு மாதிரி இருந்தது. அசல் டிரான்சிஸ்டரை உடைத்தால் இதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். 'முழு சர்வீஸ்' என்று சொல்லி உள்ளே போட்டது போலிச் சரக்கு.

சரி செய்ய 1,100 வெள்ளி ஆகும் என்றார். செய்தாலும் மறுவிற்பனை விலை திரும்பாது. ஆக்யூஃபேஸ், லக்ஸ்மேன் போன்ற கம்பெனிகள் உள்நாட்டில் விற்க 100 வோல்ட்டில் தனியாகச் செய்கின்றன. அவற்றை நேர்மையாக 100 வோல்ட் என்று சொல்லி, போதுமான திறனுள்ள வெளி டிரான்ஸ்ஃபார்மரோடு விற்றால் தவறே இல்லை. விலை குறையும், அவ்வளவுதான். இங்குள்ள ஏஜென்ட் வழியாக வந்த 230 வோல்ட் செட், ரசீது, அசல் பெட்டி எல்லாம் இருந்தால் பல வருஷம் கழித்தும் நல்ல விலைக்குப் போகும். என்னுடையதைப் போல உள்ளே யாரோ கைவைத்த செட்டை, ஆடியோ கடைகள் உள்ள அடெல்ஃபி கட்டடத்தில் ஒரு கடைக்காரர் பின்பக்கத்தைப் பார்த்ததுமே வேண்டாம் என்றார்.

அதனால் ஆம்ப்பைக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்களே ஆன் செய்யுங்கள். சில நொடியில், ஸ்பீக்கரை இணைக்கும் உள் சுவிட்ச்சான ரிலே 'டிக்' என்று விழ வேண்டும். மல்டிமீட்டர் கொண்டுபோய், ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, பாட்டு ஓடாதபோது ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்டேஜ் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் என்றால் பரவாயில்லை, நூற்றுக்கணக்கில் காட்டினால் திரும்பிவிடுங்கள். பின்பக்க லேபிளை விரலால் தடவிப் பாருங்கள். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஆனால் உள்ளே கைவைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும். திறக்க மறுப்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

இன்னொன்று. 2012 முதல் இங்கே, குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்பு தரும் லெமன் சட்டம் இருக்கிறது. பழைய பொருளுக்கும் அது பொருந்தும். 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுத்தபோதே இருந்த குறையாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வியாபாரியிடம் வாங்கினால்தான் அது செல்லும், தனி ஆள் தன் பொருளை விற்றால் செல்லாது. இவர் 'சொந்த செட்' என்று அழுத்திச் சொன்னதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அவருடைய பழைய விளம்பரங்களைத் தேடினால் ஆம்ப் மேல் ஆம்ப்பாக விற்றிருக்கிறார். எல்லாமே 'சொந்த செட்'!

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரையான கோரிக்கையை 2 வருஷத்துக்குள் அங்கே கொண்டுபோகலாம், வக்கீல் தேவையில்லை. விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பேநவ் (போன்வழிப் பணம் அனுப்பும் முறை) ரசீது, உரித்த ஸ்டிக்கர் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், திறந்த ஆம்ப்பைப் படம் எடுத்து, என்ன குறை என்று பழுது பார்ப்பவரிடம் எழுத்தில் வாங்கும்வரை எதையும் சரி செய்யக் கொடுக்காதீர்கள்.