ஓட்டமா, துடுப்பா, பனியா: தோற்றால் எதில் தோற்பது?

நாலு வருடத்துக்கு முன்னால் எனக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, பாலைவனத்தில் ஒரு வாரம் ஓடும் அல்ட்ரா ஓட்டம். இரண்டாவது, அட்லாண்டிக்கைத் துடுப்புப் படகில் கடக்கக் கிளம்பிய நால்வர் அணி ஒன்றில் காலியாகிவிட்ட ஓர் இடம். மூன்றாவது, ஸ்கீ மாட்டிக்கொண்டு தென் துருவம் வரை போகும் ஆசை. அது சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. கடைசியில் ஓட்டத்தைத்தான் எடுத்தேன். முதல் முறை பாதியில் விட்டேன், அடுத்த வருடம் முடித்தேன். ஆக, தராசு எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

எது அதிகக் கஷ்டம் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பணமும் நேரமும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஓட்டத்துக்கு ஒரு வாரம், நுழைவுக் கட்டணம், ஒரு முதுகுப்பை போதும். அட்லாண்டிக் என்றால் வேகமான நால்வர் அணிக்கே ஒரு மாதம், தனி ஆளுக்கு இரண்டு மூன்று மாதம். துருவத்துக்கு, பனிக்கண்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஹெர்குலிஸ் இன்லெட்டிலிருந்து போனால் சுமார் 1,130 கிமீ, அதாவது ஒன்றரை இரண்டு மாதம். பின்னதுகள் இரண்டுக்கும் ஸ்பான்சர் தேடி அலைய வேண்டும். அதுவே தனி அல்ட்ரா.

எனக்கு முடிவைத் தந்தது வேறொரு கேள்வி: தோற்றால் என்ன விலை? இவற்றில் முதல் முயற்சியிலேயே ஜெயிப்பவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. என்னைப் போன்ற சராசரி ஆள் தோற்றுத்தான் கற்றுக்கொள்கிறான். அப்படியானால் தோல்வி மலிவாக இருக்க வேண்டும், திரும்ப முயலும் வாய்ப்பு சீக்கிரம் வர வேண்டும்.

என் தோல்வி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். மணல் புகாமல் இருக்க ஷூவுக்கு மேல் கெய்ட்டர் என்ற துணி உறை போடுவோம். அது ஷூவின் ஓரத்தைச் சுற்றி வெல்க்ரோவில் ஒட்டி நிற்கும். அந்த வெல்க்ரோவைத் தைக்கச் சொல்லி அனுபவசாலிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் பசை போட்டு ஒட்டினேன். வீட்டில் இழுத்துப் பார்த்தபோது அசையவில்லை. பாலைவனச் சூட்டில் மூன்றாம் நாள் பசை இளகியது. நாலாம் நாள் நீண்ட கட்டம், எண்பது கிமீக்கு மேல். நாற்பதாவது கிமீயில் உட்கார்ந்து இடது சாக்ஸைக் கழற்றினால், கட்டைவிரல் நகத்துக்கு அடியில் கொப்புளம், குதிகாலில் தோல் தனியே நழுவியது. மணலை உதறிவிட்டுத் திரும்பப் போட்டேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் உப்புத்தாள் மேல் நடப்பது போல.

அடுத்த செக்பாயிண்டில் மார்பிலிருந்த போட்டி எண் அட்டையைக் கழற்றிக் கொடுத்து விலகிக்கொண்டேன். மருத்துவர் கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை வடித்து, அயோடின் தடவிக் கட்டுப் போட்டார். ஜீப்பில் ஏற்றினார்கள். அன்றிரவு அதே முகாமில், அதே கூடாரத்தில் தூங்கினேன். மூன்று வாரத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தாயிற்று. என் தோல்வியின் மொத்த விலை ஒரு நகம், ஒரு நுழைவுக் கட்டணம், கொஞ்சம் மானம். அடுத்த வருடம் வெல்க்ரோவை அடிப்பாகத்தைச் சுற்றித் தைத்துக்கொண்டு போனேன்.

இந்த வகை ஓட்டங்களில் பெயர் பெற்றது மொராக்கோவின் மாரத்தான் தே சாப்லே. 1986இல் தொடங்கியது, சுமார் 250 கிமீ. சாப்பாட்டையும் படுக்கையையும் நீங்களே சுமக்க வேண்டும், தண்ணீரை மட்டும் அவர்கள் தருவார்கள். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். 1994இல் இத்தாலியக் காவலர் மௌரோ ப்ரோஸ்பெரி மணற்புயலில் வழி தவறி, ஒன்பது நாளுக்கு மேல் அலைந்து, எல்லை தாண்டி அல்ஜீரியாவில் கண்டெடுக்கப்பட்டார். ஆனால் அந்த மனிதரே பிறகு அதே ஓட்டத்துக்குத் திரும்பி வந்தார்!

தோற்றுத் திரும்பி வருவதற்கு நல்ல உதாரணம், அமெரிக்காவின் டென்னசி மலைக்காட்டில் நடக்கும் பார்க்லி மாரத்தான். ஐந்து சுற்று, 60 மணி நேரக் கெடு. ஒருவர்கூட முடிக்காத வருடங்கள் நிறைய. பாதியில் விட்டு வருபவருக்கு முகாமில் ஊதுகொம்பில் இரங்கல் இசை வாசிப்பார்கள். ஜாஸ்மின் பாரிஸ் 2022இலும் 2023இலும் ஐந்து சுற்றை முடிக்கவில்லை. 2024இல் கெடுவுக்கு 99 விநாடி மீதம் இருக்கும்போது வந்து முடிவிடமான மஞ்சள் கேட்டைத் தொட்டார். அதை முழுதாக முடித்த முதல் பெண் அவர்தான். மூன்று வருடத்தில் மூன்று முயற்சி என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய முயற்சியின் பாடம் சூடாகவே கையில் இருந்திருக்கும்.

இப்போது கடலுக்கு வருவோம். இங்கே என் அனுபவம் மெலிது: கரையோரமாக மூன்று இரவுப் பயிற்சி, அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் துடுப்பு, இரண்டு மணி நேரம் ஓய்வு, இரவு பகல் பேதமில்லாமல் இதே சுழற்சி. கேட்க எளிதாக இருக்கும். அந்த ஓய்வுக்குள்தான் சாப்பிட வேண்டும், உப்பை நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும், உட்காரும் இடத்துப் புண்ணுக்கு மருந்து தடவ வேண்டும். கண்ணை மூட மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம் இருந்தால் அதிர்ஷ்டம். மூன்றாம் இரவில் துடுப்பைப் பிடித்த விரல்கள் விடிந்தும் விரியவில்லை, மற்றக் கையால்தான் பிரித்துவிட்டேன். ஒரு மாதம் போனால் உடம்பு பழகிவிடும் என்கிறார்கள். அதை நான் பார்த்ததில்லை.

ஆனால் என்னைத் தடுத்தது கை வலி அல்ல. கானரித் தீவுகளின் லா கோமேராவிலிருந்து ஆன்டிகுவா வரை சுமார் 4,800 கிமீ. கிழக்கிலிருந்து மேற்கே ஓயாமல் வீசும் வணிகக் காற்று முதுகில் தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் சில நாளுக்குப் பிறகு திரும்பி வருவது என்ற பேச்சே கிடையாது, காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட முடியாது. கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி கெட்டாலும், சுக்கான் முறிந்தாலும், கையில் இருப்பதை வைத்து நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். 2005இல் கிளம்பிய ராஸ் சாவேஜின் நாலு துடுப்பும் உடைந்தன, கட்டுப்போட்டு ஓட்டி 103 நாளில் கரை சேர்ந்தார். மன உறுதிதான், மறுக்கவில்லை. வேறு வழியும் இல்லை.

நிஜமாகவே முடியாமல் உதவி கேட்டால், பக்கத்தில் போகும் ஏதாவதொரு சரக்குக் கப்பல் திரும்பி வந்து ஆட்களை ஏற்றும். படகு பெரும்பாலும் கடலிலேயே விடப்படும். கணக்கு உதைப்பது இங்கேதான். கடல் தாண்டிய படகுக்கு அடுத்த அணியிடம் நல்ல கிராக்கி உண்டு. அதை விற்று, தாங்கள் போட்ட பணத்தில் பாதியாவது எடுக்கலாம் என்று நம்பித்தான் பலர் இறங்குகிறார்கள். நடுக்கடலில் கைவிட்டால் அந்த நம்பிக்கையும் மிதந்து போய்விடும். 1966இல் ரிட்ஜ்வேயும் ப்ளைத்தும் 92 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். அதே வருடம் அதே கடலில் பஃபின் என்ற படகில் போன ஜான்ஸ்டனும் ஹோரும் திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்து கிடைத்தது.

துருவத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இன்னும் குறைவு. அன்டார்டிகாவில் காலே வைத்ததில்லை. நார்வேயின் பனிமேட்டில் ஒரு வாரம் சறுக்குவண்டி இழுத்தேன். அங்கே கற்ற முதல் பாடம், வியர்க்கக் கூடாது. ஈரமான சட்டை, நின்ற மாத்திரத்தில் பனிக்கட்டி. பாலைவனத்தில் வேகம் குறைத்தால் பிழைத்துக்கொள்ளலாம், பனியில் வேகம் குறைத்தால் குளிர் பிடிக்கும், கூட்டினால் வியர்வை பிடிக்கும். கையுறையைக் கயிற்றில் கட்டி மணிக்கட்டில் மாட்டியிருந்தேன். ஒரு தடவை கயிற்றை மாட்ட மறந்தேன், அது காற்றில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். அங்கே வழிகாட்டி இருந்தார், உபரிக் கையுறை இருந்தது.

துருவப் பயணத்தில் வெளியேறும் வாசல் விமானம்தான். தெளிந்த வானம் இருந்தால் வரும், இல்லையென்றால் கூடாரத்தில் காத்திருக்க வேண்டும். ஆகவே போன் செய்ய வேண்டிய நேரம், தாங்க முடியாமல் போகும் நேரத்துக்கு வெகு முன்பே வந்துவிடும். ஹென்றி வொர்ஸ்லி 2016இல் தனியாக 71 நாள் நடந்து, முடிய ஐம்பது கிமீ கூட மீதம் இல்லாதபோதுதான் உதவி கேட்டார். மீட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், வயிற்றில் பரவிய தொற்றால் இறந்துபோனார். அவர் மனசில் வைத்துப் போற்றிய ஷேக்கில்டன், 1909இல் துருவத்துக்கு 97 கடல் மைல் இருக்கும்போது திரும்பினார், கூடப்போன மூவரையும் உயிரோடு கூட்டிவந்தார். அந்த முடிவை நான் எடுத்திருப்பேனா? தெரியவில்லை. அப்படியே எடுத்தாலும், பருவம் நவம்பரில் ஆரம்பித்து ஜனவரியில் முடிந்துவிடும். அடுத்த முயற்சிக்கு இன்னொரு வருடம், இன்னொரு சுற்று ஸ்பான்சர்.

ஓட்டத்தில் குறை இல்லையா? உண்டு, அதுவும் பெரியது. வாசல் பக்கத்திலேயே இருப்பதால் கால் அங்கேயே போகும். ஒவ்வொரு செக்பாயிண்டிலும் நிழல், நாற்காலி, அன்பாகப் பேசும் முகங்கள். என் முதல் முயற்சியில் கொப்புளத்தோடு இன்னும் பத்து கிமீ நடந்திருக்க முடியுமா என்று இன்றைக்கும் சந்தேகம் இருக்கிறது. கடலில் அந்தச் சந்தேகம் வர வழியே இல்லை. துடுப்புப் படகில் கடல் தாண்டிய நண்பன் ஒருவன் இதைத்தான் என்னிடம் குத்திக்காட்டுகிறான்: "நீ விட்டது கால் வலியாலா, நாற்காலியைப் பார்த்ததாலா?" அதனால் இரண்டாம் முறை போனபோது ஒரு விதி வைத்துக்கொண்டேன். செக்பாயிண்டில் உட்காருவதில்லை. தண்ணீர் நிரப்பும் வரை நிற்பது, உடனே கிளம்புவது. நீண்ட கட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் விதியை மீறினேன், சாக்ஸ் மாற்றுவதற்காக. கெய்ட்டரைக் கழற்றி ஷூவைத் தலைகீழாகத் தட்டினேன். ஒரு சிட்டிகை மணல் விழுந்தது.