மாற்றுவதா, ஒட்டுப் போடுவதா, சும்மா இருப்பதா: ஒய்டூகே காலத்துச் சின்னக் கடைக்காரரின் கணக்கு

ஒய்டூகே என்றால் 'ஆண்டு 2000' சிக்கல்: பல பழைய மென்பொருள்கள் ஆண்டை இரண்டே இலக்கத்தில் குறித்ததால், 2000-ன் '00'-ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளும், அல்லது குழம்பி நின்றுவிடும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாரன் என்றொரு ஊர். அங்கே புரொட்யூஸ் பேலஸ் என்ற காய்கறி, பழக்கடைக்காரர்கள் சுமார் ஒரு லட்சம் டாலர் கொட்டிப் புதுக் கணினிக் கல்லாக்கள் வாங்கியிருந்தார்கள். கிரெடிட் கார்டில் காலாவதி ஆண்டு '00' என்றிருந்தால் தீர்ந்தது கதை. தேய்த்த கவுண்டர் மட்டுமல்ல, எல்லாக் கல்லாவும் சேர்ந்து படுத்துவிடும். இதெல்லாம் நடந்தது 1997 வாக்கிலேயே. ஆண்டு 2000 பிறந்த பிறகுதான் வம்பு என்று நினைத்தவர்கள் இங்கேயே தவறினார்கள்: தேதியை முன்கூட்டிப் பார்க்கிற மென்பொருளுக்கு 2000 முன்கூட்டியே வந்துவிடும்.

அன்றைய சிறு வியாபாரிக்கு மூன்று வழிகள் இருந்தன.

எல்லாவற்றையும் புதிதாக வாங்குவது முதல் வழி. மென்பொருள் விற்பவருக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். செலவுக்குக் கடன் வேண்டுமா, அதற்கு அரசு உத்தரவாதம் தருகிறோம் என்று 1999 ஏப்ரலில் ஒரு சட்டமே வந்தது. கடன் எளிதானது சரி, கடனைக் கட்டப்போவது என்னவோ கடைக்காரர்தான். கணினியே கிழடாக இருந்தால் மட்டும் இது நியாயம். கிழடா என்று பார்ப்பதும் சுலபம். கடிகாரத்தை 31-12-1999 இரவு 11:58-க்கு வைத்து, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட வேண்டும். சில பழைய பெட்டிகள் 2000 என்று காட்டாமல் 4-1-1980 என்று காட்டும். அந்தக் காலக் கணினிகளை இயக்கிய டாஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்கு 1980-க்கு முந்தைய காலமே தெரியாது என்பதால் வந்த விசித்திரம் அது.

இரண்டாவது, ஒட்டுப் போடுவது. இரண்டு இலக்க ஆண்டை நான்காக விரிக்க, கோப்பு முழுவதையும் மாற்றியாக வேண்டும். அதற்குப் பதிலாக ஓர் எல்லைக்கோடு போட்டுவிடலாம். எக்செல் 97 அப்படித்தான் செய்தது: 00 முதல் 29 வரை தட்டினால் 2000-கள், 30 முதல் 99 வரை 1900-கள். மலிவு, வேகம், பில் போடுகிற கடைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் 2031-ல் முடிகிற கடனுக்கு '31' என்று தட்டினால் அது 1931-ல் முடிந்த கடனாகிவிடும். என்னைக் கேட்டால், பெரும்பாலான சின்னக் கடைகளுக்கு இதுதான் சரியான வழி. யார் காசில் என்பதில்தான் சண்டை.

மூன்றாவது, சும்மா இருப்பது. இதைக் கேலி செய்தவர்கள் அதிகம். ஆனால் தேதி வெறுமனே ரசீதில் அச்சாகிற இடத்தில் இது அப்படியொன்றும் மோசமான முடிவல்ல. '1900' என்று விழுந்தால் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுக்கலாம். தேதியைக் கழித்துப் பணமாக்குகிற இடத்தில்தான் ஆபத்து. நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீடியோ வாடகைக் கடை. 2000 ஜனவரி 1 அன்று கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவருக்கு 91,250 டாலர் தாமதக் கட்டணம் என்றது கணினி. நூறு ஆண்டு, அதாவது 36,500 நாள். நாளுக்கு இரண்டரை டாலர். பெருக்கலில் பிழையே இல்லை! கடைக்காரர் சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம். அதே கழித்தல் வட்டிக் கணக்கில் நுழைந்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

சரி, யார் காசு? புரொட்யூஸ் பேலஸ் கல்லாவை விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டது. 1998-ல் 2,50,000 டாலருக்குச் சமரசம் ஆனது. இன்னொரு பக்கம், நியூஜெர்சியில் ஒரு மருத்துவர். 1996-ல் மெடிக்கல் மேனேஜர் என்ற மென்பொருளை வாங்கியிருந்தார். அது 2000-ஐத் தாங்காது, புதுப் பதிப்புக்கு மாற வேண்டும், செலவு சுமார் 25,000 டாலர் என்று சொல்லப்பட்டது. அவரும் வழக்குப் போனார். சமரசத்தில் இலவசத் திருத்தம் கிடைத்தது. கையில் வந்த தொகையைப் பார்த்தால் முதல் வழக்குக்குத்தான் வெற்றி. எனக்கோ இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது: அதே மென்பொருளை வாங்கிய மற்ற மருத்துவர்களுக்கும் அது வழி திறந்தது. நூற்றாண்டு முடிய நான்கு ஆண்டே இருக்கும்போது விற்ற சரக்கு நூற்றாண்டைத் தாண்டாது என்றால், அதைச் சரிசெய்யக் காசு கேட்க விற்றவருக்கு வாய் வரக்கூடாது.

1999 ஜூலையில் வந்த ஒய்டூகே சட்டம் தராசைக் கொஞ்சம் சாய்த்தது. முதலில் நோட்டீஸ், பதில் சொல்ல 30 நாள், சரிசெய்ய இன்னும் 60 நாள், அதன் பிறகே வழக்கு. திருத்தம் கையில் வந்தால் போதும் என்பவருக்கு இது நல்லதுதான். கல்லா படுத்துக் கிடக்கிற கடைக்குத் தொண்ணூறு நாள் என்பது ஒரு யுகம். தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டத்தைக் கேட்க முடியாது என்றும் சட்டம் சொன்னதால், சும்மா இருந்தவர் பிறகு நீதிமன்றம் போனாலும் பலன் குறைவு.

இந்த மூன்று வழியும் கருவி தன்னுடையது என்றால்தான். பிரிட்டனில் 1999 டிசம்பர் 28 அன்று, எச்.எஸ்.பி.சி. வங்கி கடைகளுக்குக் கொடுத்திருந்த ரேக்கல் நிறுவனத்துக் கார்டு கருவிகள் திடீரென வேலைநிறுத்தம் செய்தன. நான்கு வேலைநாள் முன்னால் எட்டிப் பார்க்கிற பழக்கம் அவற்றுக்கு. ஆண்டுக் கடைசித் தள்ளுபடிக் கூட்டம் வரிசையில் நிற்க, கடைக்காரர்கள் காகிதச் சீட்டுக்குத் திரும்பினார்கள். ஜனவரி 1 அன்று, உலகமே பயந்த அந்த நாளில், கருவிகள் மறுபடி வேலை செய்யத் தொடங்கின.