எண்ணைத் திருப்பிக் கொடுத்தேன், ஹேண்ட்லரைக் கழற்றவில்லை

டபிள்யூஎக்ஸ் பைத்தான் (wxPython) என்பது பைத்தானில் ஜன்னல், மெனு எல்லாம் கட்ட உதவும் நூலகம். அதில் மெனு உருப்படி போன்றவற்றுக்கு அடையாள எண் (ஐடி) வாங்க, பழைய நியூஐடியை (NewId) விட்டு நியூஐடிரெஃபுக்கு (NewIdRef) மாறலாமா என்று நண்பர் கேட்டார். மூன்று வருடமாகப் புதியதைத்தான் பயன்படுத்துகிறேன். இந்த வாரம் கேட்டிருக்க வேண்டாம்.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுகிறேன். பழையது 100இல் தொடங்கி மேலே ஏறிக்கொண்டே போகும். போன எண் போனதுதான். புதியது ஓர் எண்ணை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கணக்கு வைக்கிறது. கடைசி ஆளும் விட்டதும் எண் தானாகக் கையிருப்புக்குத் திரும்பிவிடும். விண்டோஸில் இது ஆடம்பரம் இல்லை. மெனு கட்டளையோடு வரும் ஐடிக்கு 16 பிட்தான் இடம். தானியங்கி எண்கள் அங்கே -32000 முதல் -2000 வரை, மொத்தம் 30,001. நான் ஒரு வரிகூட எழுதாமல் இவ்வளவும் நடக்கிறது. அருமையான ஏற்பாடு.

அப்புறம் அந்தப் புகார் வந்தது. சாயங்காலத்தில் மட்டும், ‘நகலெடு’ அழுத்தினால் பதிவே அழிந்துபோகிறதாம். காலையில் இருபது தடவை அழுத்திப் பார்த்தேன். சமர்த்தாக நகலெடுத்தது.

ஒவ்வொரு ரைட் கிளிக்குக்கும் 12 உருப்படிகளோடு ஒரு மெனுவைப் புதிதாகக் கட்டி, ஹேண்ட்லர்களை (உருப்படியை அழுத்தினால் ஓடும் நிரல்துண்டுகளை) அந்தந்த எண்ணோடு ஃபிரேமில், அதாவது முதன்மை ஜன்னலில், பைண்ட் செய்திருந்தேன் (மாட்டியிருந்தேன்). மெனு அழிந்ததும் எண்களுக்கு விடுதலை. ஹேண்ட்லர்கள்? ஃபிரேமிலேயே உட்கார்ந்திருந்தன. விட்ட எண்ணை நூலகம் உடனே மறுபடி தருவதில்லை. ஒரு சுற்று முழுக்கத் தீர்ந்த பிறகே அடியிலிருந்து தேடுகிறது. ஆக, சுமார் 2,500 கிளிக் வரை எந்தத் தொந்தரவும் இல்லை. எந்த டெஸ்டரய்யா அத்தனை தடவை கிளிக் செய்வார்?

இடையில் மூடிய டயலாக்குகளின் எண்களும் கலந்ததில் வரிசை நகர்ந்துவிட்டது. முன்பு ‘நீக்கு’ வைத்திருந்த எண் ‘நகலெடு’க்குக் கிடைத்தது. கடைசியாக பைண்ட் செய்த ஹேண்ட்லர்தான் முதலில் ஓடும். அதன் முடிவில் நான் பழக்கதோஷத்தில் ஸ்கிப் (‘அடுத்த ஹேண்ட்லரும் ஓடட்டும்’ என்ற கட்டளை) எழுதியிருந்தேன். நகலெடுத்த கையோடு, பழைய ‘நீக்கு’ம் எழுந்து தன் கடமையைச் செய்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். ஃபிரேமில் மாட்டாமல் மெனுவிலேயே பைண்ட் செய்திருந்தால் மெனுவோடு எல்லாம் போயிருக்கும். ஆனாலும் எண்ணைத் திருப்பி வாங்கத் தெரிந்த நூலகத்துக்கு, அதை நம்பி ஒருவன் ஃபிரேமில் காத்திருக்கிறான் என்று சொல்லத் தெரியவில்லையே!

நண்பருக்கு என் பதில்: தாராளமாக மாறுங்கள். நான் அந்த மெனுவுக்கு 12 நிலையான எண்களைக் கையால் எழுதி, ஒரே தடவை பைண்ட் செய்துவிட்டேன்.