பைப் புகையிலையில் பொடியா, வேதாரண்யம் தழையில் பொடியா?

மூக்குப்பொடியை வீட்டிலேயே செய்து பார்க்கும் கிறுக்கு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் முத்தியால்பேட்டை மாமா. அவர் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர், வருடத்தில் நாலு மாதம் பிரான்சில் மகள் வீட்டில் கிடப்பார். போன ஐப்பசியில் திரும்பி வந்தவர், 50 கிராம் பைப் புகையிலை டப்பா இரண்டை என் கையில் திணித்து, “மாப்ள, நீங்க மட்டைல வாங்கிப் போடுறதெல்லாம் ஒரு பொடியா? இத அரைச்சுப் போட்டுப் பாருங்க, அப்புறம் பேசுங்க” என்றார். கடலூருக்குத் திரும்பும் வழியில் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பாண்டிச்சேரி பாட்டில் ஏதும் இருக்கிறதா என்று பையைத் துழாவிய காவலர், டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு “கேக்குக்குப் போடுறதா சார்?” என்று கேட்டார். பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. எனக்குத்தான் அது புரிய மூன்று வாரம் ஆனது.

மூன்று பொடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாமாவின் பைப் புகையிலையில் அரைத்தது ஒன்று, பான்பரி மார்க்கெட்டில் வாங்கிய வேதாரண்யம் தழையில் செய்தது ஒன்று, பதினெட்டு வருடமாக நான் போடும் பட்டணம் பொடி ஒன்று. மூன்றாவது போட்டிக்கு இல்லை, அளவுகோலுக்கு.

முதலில் பைப் புகையிலை. டப்பாவில் இருந்தது கேவண்டிஷ் வகை. இலையை ஆவியில் வேகவைத்து, அழுத்தி, இனிப்பும் வெனிலா வாசனையும் ஏற்றி, கறுப்பாக நூல் நூலாக வெட்டி வைத்திருக்கிறார்கள். குழாயில் போட்டால் மெதுவாகப் புகைய வேண்டும், டப்பாவில் காய்ந்துவிடக் கூடாது, பூசணமும் பிடிக்கக் கூடாது, அதனால் இந்த மாதிரிப் புகையிலையில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற சமாசாரங்களைச் சேர்ப்பது வழக்கம். பொடிக்கோ இலை எலும்பு மாதிரி காய வேண்டும். தொடக்கத்திலேயே இரண்டும் எதிரும் புதிருமாக நின்றால் என்ன செய்வது? ஓவனில் 90 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தேன், கையில் நொறுங்கியது, ஆகா என்று மிக்சியில் போட்டேன். ஆறட்டும் என்று தட்டில் பரப்பிவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் அது மறுபடி பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. சர்க்கரையும் கிளைக்காலும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், நம் ஊரிலோ கடற்காற்று, அதுவும் ஐப்பசி அடைமழை. இழுப்பதற்குப் பஞ்சமா? திரும்ப ஓவன், திரும்ப மிக்சி. 50 கிராமில் உலர்ந்தபின் 41 நின்றது, சலித்தபின் பொடியாகத் தேறியது 26. மீதியெல்லாம் நார்.

மிக்சி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டாவது அரைப்பில் அவசரப்பட்டு மூடியை உடனே திறந்துவிட்டேன். புகை மாதிரி எழும்பியது முகத்தில் அடித்து, இருமி, கண் எரிந்து, பத்து நிமிடம் தலை சுற்றிக் குமட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அது போதாதென்று, அந்த ஜார் சட்னி ஜார். மூன்று முறை புளி போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை. வாசனை போயிருந்தாலும் நிக்கோட்டின் தடவிய ஜாரில் குழந்தைகளுக்கு யாராவது சட்னி அரைப்பார்களா? வீட்டம்மா ஒரு வார்த்தை பேசாமல் அதைக் காயலான் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் புது ஜாரின் பில்லை என் சட்டைப் பையில் வைத்தார். பொடி செய்ய நினைப்பவர்கள் தனிக் கல், தனிச் சல்லடை வைத்துக்கொள்ளுங்கள், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, போட்டால் எப்படி இருந்தது? எடுத்த சிட்டிகை மூக்குக்குக் கிட்ட வரும்போதே பேக்கரி வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது, அது உண்மை. உள்ளே போனபின் ஒன்றுமே இல்லை. சுள்ளென்று ஏறவில்லை, தும்மல்கூட வரவில்லை, கொஞ்ச நேரத்தில் மூக்குக்குள் பாகு காய்ந்த மாதிரி ஓர் அடைப்பு. இவ்வளவு விலையுள்ள புகையிலையில் காரம் எங்கே போனது என்று குழம்பினேன்.

தமிழில் காரம் என்ற ஒரே சொல் உறைப்புக்கும் பெயர், அமிலத்துக்கு எதிரானதற்கும் பெயர். பொடி விஷயத்தில் இரண்டும் ஒன்றேதான். அமிலத்தன்மையுள்ள புகையிலையில் நிக்கோட்டின் உப்பாகக் கட்டுண்டு கிடக்கும், மூக்கின் சவ்வைத் தாண்டி லேசில் போகாது. பி.எச். என்கிற அமில-கார அளவு 8-க்கு மேலே ஏற ஏறத்தான் அது விடுபட்டு ரத்தத்தில் சேரும். சூடான குழாய்க் காற்றில் பதப்படுத்தும் வர்ஜீனியா இலையில் சர்க்கரை அதிகம், அமிலப் பக்கம் சாயும். அதன்மேல் இன்னும் இனிப்பை ஏற்றினால் புகைப்பவருக்கு நாக்கில் சுகம், பொடி போடுகிறவருக்கு மண். நிழலில் காற்றாட உலர்த்தும் பர்லி இலையில் சர்க்கரை மிகக் குறைவு, வாசனை ஏற்றாத பர்லி கிடைத்தால் அது பரவாயில்லை என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரர்கள் இதற்காகத்தான் பொடியில் உப்போடு சோடியம் கார்பனேட்டோ பொட்டாசியம் கார்பனேட்டோ சேர்க்கிறார்கள். நம் ஆட்கள் சுண்ணாம்பைச் சேர்த்தார்கள். நான் மாமாவின் பொடியில் துளி ஆப்ப சோடா கரைத்த நீரைத் தெளித்துப் பிசறி, இரண்டு நாள் மூடி வைத்தேன். லேசாக அம்மோனியா வாடை வந்தது, காரமும் கொஞ்சம் எழுந்தது, ஆனால் அந்த வெனிலா செத்துவிட்டது. காரத்தை வரவழைத்தால் வாசனை போகிறது, வாசனையைக் காப்பாற்றினால் காரம் இல்லை. அப்புறம் எதற்குப் பைப் புகையிலை?

இனி வேதாரண்யம் தழை. இது வெற்றிலையோடு போடும் மெல்லுபுகையிலை. கடையில் கேட்கும்போது பன்னீர் தெளித்ததையோ வெல்லம் ஏற்றியதையோ தள்ளிவிட்டு வெறும் தழையாகக் கேட்க வேண்டும், இல்லையென்றால் பைப் கதைதான் திரும்ப நடக்கும். நடு நரம்பைக் கிழித்து எறிந்துவிட்டு, இலையை மட்டும் இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்தேன். இங்கேதான் எல்லாம் இருக்கிறது. பழுப்பு நிறம் காபிக்கொட்டை நிறமாக மாறும் நேரத்தில் வறுத்த கொத்தமல்லி மாதிரி ஒரு மணம் எழும், அப்போது சட்டியை இறக்கிவிட வேண்டும். முதல் தடவை அரை நிமிடம் தாமதித்தேன், கரி. இரண்டாம் தடவை சரியாக வந்தது. சூடு ஆறுவதற்குள் இடிகல்லில் இடித்து, பழைய வேட்டித் துணியில் வஸ்திரகாயம் செய்தேன், அதாவது துணியில் சலித்தேன், வைத்தியர்கள் சூரணத்துக்குச் செய்கிற மாதிரி. மிக்சியில் தூசியும் நாருமாகப் பிரிந்தது, கையால் இடித்ததில் ஒரே சீராக வந்தது, மழைக்காற்றிலும் கட்டி தட்டவில்லை. ரொம்பத் தூசியாக இருந்தால் பொடி மூக்கில் நிற்காமல் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் போய்விடும், அதனால் மாவு போல ஆக்கவும் கூடாது, விரலில் தேய்த்தால் லேசாக நறநறக்க வேண்டும்.

அப்புறம் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பின் தெளிநீரைத்தான் தெளித்தேன், களிம்பை இல்லை. அதன் பி.எச். 12-க்கு மேல், ஆப்ப சோடா 8-ஐ ஒட்டி நிற்கிறது, ஆகவே கை கொஞ்சம் நீண்டாலும் மூக்கு வெந்துவிடும். ஒரு நாள் வெந்தது, கைக்குட்டையில் ரத்தப்புள்ளி. கடைசியில், உருக்கின நெய் அரை தேக்கரண்டியை உள்ளங்கையில் தடவிப் பொடியைப் பிசறினேன். நெய் தூசியை அடக்கும், எரிச்சலுக்கும் ஒரு கடிவாளம் போடும்.

நெய்ப்பொடி பட்டிக்காட்டு வழக்கம் என்று மாமா நக்கலடிப்பார். ஜெர்மனியில் பவேரியாக்காரர்கள் பிரேசில் புகையிலையில் செய்யும் ‘ஷ்மால்ட்ஸ்லர்’ பொடிக்குப் பெயரே அதில் பிசறிய உருக்கு வெண்ணெயால் வந்தது. சொன்னேன், நம்பவில்லை. பிரான்சிலும் ஒரு காலத்தில் புகையிலையை கேரட் மாதிரி இறுக்கி உருட்டி, வேண்டியபோது துருவித்தான் பொடி போட்டார்கள். அந்த உருளைக்குப் பெயர் ‘கரோத்’, இன்றைக்கும் அங்கே புகையிலைக் கடை வாசலில் தொங்கும் சிவப்புப் பலகைக்கும் அதே பெயர். போர்ச்சுகலில் தூதராக இருந்த ழான் நிக்கோ 1560 வாக்கில் பிரெஞ்சு அரண்மனைக்குப் புகையிலையை அனுப்பினார், நிக்கோட்டினுக்கு அவர் பெயர்தான். அவர்களும் வெனிலா போட்ட கேவண்டிஷைத் துருவவில்லை மாமா என்றால், டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

பட்டணம் பொடியோடு வைத்துப் பார்த்தால் என் வேதாரண்யம் பொடி எங்கே நிற்கிறது? மணத்தில் என்னுடையது மேல், புதிதாக வறுத்ததல்லவா. காரத்தில் கடைப்பொடி நேற்றும் இன்றும் ஒன்றுபோல் இருக்கும், என்னுடையது ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு குணம். பத்து நாளில் என் பொடியின் மணம் பாதியாகிவிட்டது, நெய்யும் காறல் அடிக்கத் தொடங்கியது. வாழை மட்டையில் கட்டி வாங்கி வரும் கடைப்பொடியை அந்தக் கவலையில்லாமல் போடலாம். செலவும் அலைச்சலும் சேர்த்துப் பார்த்தால் கடைப்பொடியோடு போட்டி போட முடியாது.

வீட்டில் செய்தால் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புற்றுநோயைக் கொடுப்பது புகையிலைக்குள்ளேயே இருக்கும் நைட்ரோசமைன்கள், அவற்றுக்கு வீட்டுச் சட்டி, கம்பெனிச் சட்டி என்ற பேதம் தெரியாது. புகையில்லாப் புகையிலையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகைப் புற்றுக்காரணியாகத்தான் வைத்திருக்கிறது. அண்ணாவும் பொடி போட்டவர்தான், 1969-இல் புற்றுநோயில் போனபோது வயது 59. இதெல்லாம் தெரிந்தும் போடுகிறேன், போடாதவர்களைத் தொடங்கச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது டப்பாவை இன்னும் முழுக்கத் திறக்கவில்லை. ஒரு நாள் விளையாட்டாக அதிலிருந்து ஒரு பிடியை உலர்த்தி அரைத்து, என் வேதாரண்யம் பொடியில் பத்துக்கு ஒன்றாகக் கலந்தேன். கலந்தது அன்றைக்குப் போடும் அளவு மட்டும்தான். காரம் குறையவில்லை, கட்டி தட்டவும் இல்லை, கடைசியில் மூக்கின் நுனியில் ஒரு வெனிலா நூல் மட்டும் நின்றது. முத்தியால்பேட்டைக்குக் கொண்டுபோய் மாமாவிடம் நீட்டினேன். அடுத்தடுத்து ஏழு தும்மல் தும்மிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாத்தீங்களா, நம்ம பிரான்ஸ் புகையிலன்னா சும்மாவா?” என்றார். பத்துக்கு ஒன்று என்பதை நான் சொல்லவில்லை.